கீமோவுக்கு அப்புறம் லிவர் எம்ஆர்ஐ: மதுரையில நாங்க எடுத்த ஸ்கேன் சென்டர், 4 ஸ்டார்

முட்டி வலி, இடுப்பு வலிக்கு எம்ஆர்ஐ எடுக்க வர்றவங்க மத்தவங்க எழுதின ரிவ்யூவ பாத்துக்கோங்க, இது அவங்களுக்கு உதவாது. பெருங்குடல்ல கேன்சர் வந்து அது லிவருக்கு பரவி, கீமோ எல்லாம் போட்டு முடிச்சு, இப்ப ஆபரேஷனுக்கு முன்னாடி "லிவர் எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்க"ன்னு சர்ஜன் எழுதி குடுத்த சீட்டோட நிக்கிறவங்களுக்காகத்தான் இத டைப் பண்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க, ஏன்னா இந்த ஒரு ஸ்கேன்ல எங்க அப்பாவோட ஆபரேஷன் பிளானே மாறிடுச்சு.

மொதல்ல எங்க கதைய சுருக்கமா சொல்லிடுறேன். அப்பாவுக்கு அறுபது தாண்டிருச்சு, மலத்துல ரத்தம் வந்துச்சு, மூலம்னு நெனச்சு ரொம்ப நாள் மருந்து சாப்பிட்டாரு, குடலுக்குள்ள கேமரா விட்டு பாக்கற கொலோனோஸ்கோபி பண்ணப்ப பெருங்குடலோட கடைசில இருக்கற சிக்மாய்டு பகுதில கட்டி, பயாப்ஸில கேன்சர்னு உறுதியாச்சு, கூடவே எடுத்த சிடில லிவர்ல 4 இடத்துல பரவிருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. குடல்ல இருந்து வர்ற ரத்தம் எல்லாம் போர்ட்டல் வெயின் வழியா நேரா லிவருக்குத்தான் போகுதாம், அதனாலதான் இந்த கேன்சர் பரவுறப்ப மொதல்ல லிவர்ல போய் உக்காருதுன்னு டாக்டர் படம் வரஞ்சு காட்டினாரு. லிவருக்கு பரவிருச்சுன்னா எல்லாம் முடிஞ்சுதுன்னுதான் நாங்க நெனச்சோம், அவருதான் "இல்லங்க, இந்த கேன்சர்ல லிவர்ல இருக்கறத முழுசா வெட்டி எடுக்க முடிஞ்சா குணமாகி நிக்கிறவங்களும் இருக்காங்க"ன்னு தெம்பு குடுத்தாரு. அப்புறம் கேப்பாக்ஸ் கீமோ (கேப்சிட்டபின் மாத்திரையும் ஆக்சாலிபிளாட்டின் ஊசியும் சேந்தது), கூட கட்டிக்கு போற ரத்தக்குழாய் வளர்ச்சிய தடுக்கற பெவாசிஸுமாப் ஊசி. ரத்தத்துல பாக்கற கேன்சர் அடையாளம் சிஇஏ, அதோட அளவு நல்லா எறங்கிச்சு.

கீமோ பாதில வேற ஒரு இடத்துல சிடி எடுத்தோம். ரிப்போர்ட்ல 2 கட்டி சின்னதாயிருக்கு, மத்த 2 கட்டி தெரியவே இல்லன்னு போட்டிருந்துச்சு. வீட்ல ஒரே சந்தோஷம், அம்மா அழகர்கோயிலுக்கு நேர்த்திக்கடன் கூட வேண்டிக்கிட்டாங்க, சித்தப்பா "பாதி கேன்சர் போயிருச்சு அண்ணே, இன்னும் நாலு கீமோ போட்டா மீதியும் போயிரும், ஆபரேஷனே வேணாம்"னு சொன்னாரு. ஆனா லிவர் சர்ஜன் அந்த ரிப்போர்ட்ட பாத்துட்டு சந்தோஷப்படல, "தெரியல"ங்கற அந்த எடத்துல பேனாவால வட்டம் போட்டு, இதுக்குத்தான் எம்ஆர்ஐ வேணும், அதுவும் லிவருக்குன்னே இருக்கற கான்ட்ராஸ்ட் (படம் தெளிவா தெரிய போடற ஊசி மருந்து) வச்சு வேணும்னு எழுதி குடுத்தாரு.

ஏன்னு கேட்டோம். அவரு சொன்னதையும் அப்புறம் நான் தேடி படிச்சதையும் சேத்து சொல்றேன். கீமோவுக்கு அப்புறம் சிடில காணாம போற கட்டிக்குன்னே ஒரு பேரு இருக்கு, மறையும் மெட்டாஸ்டேஸிஸ்னு சொல்றாங்க, மெட்டாஸ்டேஸிஸ்னா பரவின கட்டி. 2006ல பிரான்ஸ்ல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு, சிடில மறஞ்சு போனதா சொன்ன 66 கட்டிய எடுத்து பாத்தாங்க. அதுல 55 எடத்துல கேன்சர் இருந்துச்சு, இல்லனா பின்னாடி அதே எடத்துல திரும்ப வந்துச்சு. அதாவது 83 சதவீதம்! இத படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல, ஏன்னா அந்த சிடி ரிப்போர்ட்ட நம்பி ஆபரேஷன் வேணாம்னு எங்க வீட்ல முக்கால்வாசி முடிவே எடுத்துட்டாங்க.

இன்னொரு விஷயம், கீமோ கட்டிய மட்டும் மாத்தல, லிவரையே மாத்திடுது. ஆக்சாலிபிளாட்டின் லிவருக்குள்ள இருக்கற நுண்ணிய ரத்த நாளத்த பாதிக்குது, மண்ணீரல் பெருசாகுது, பிளேட்லெட் எறங்குது. இரினோடிகான்னு இன்னொரு கீமோ மருந்துன்னா கொழுப்போட வீக்கமும் சேருது. 5 எஃப்யூ வகை மருந்துல (கேப்சிட்டபின் இந்த வகைதான்) கொழுப்பு படியுது. சிடில நல்ல லிவர் வெளுப்பா தெரியும், பரவின கட்டி கருப்பா தெரியும், அந்த வித்தியாசத்த வச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்க. லிவர்ல கொழுப்பு ஏறிட்டா லிவரே கருத்துப்போயிடும், வெள்ளச்சுவத்துல இருக்கற கரிப்புள்ளி பளிச்சுனு தெரியும், சுவரே சாம்பல் கலர்ல இருந்தா எங்க தேடுறது, அந்த மாதிரிதான். கட்டியும் கீமோல சுருங்கி 1 சென்டிமீட்டருக்கு கீழ போயிருக்கும், ரெண்டும் சேந்தா சிடிக்கு புடிபடாது. 2012ல பல ஆய்வ ஒண்ணா சேத்து கணக்கு போட்டுருக்காங்க, கீமோ முடிஞ்சவங்க லிவர்ல கட்டிய புடிக்கறதுல எம்ஆர்ஐ சுமார் 86 சதவீதம், சிடி 70, பெட் சிடி 52 தான். பெட் சிடின்னா பெரிய ஸ்கேன், அதுல எல்லாமே தெரிஞ்சிரும்னு எங்க சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னாங்க, உங்க வீட்லயும் சொல்லுவாங்க. கேன்சர் செல் சக்கரைய உறிஞ்சி மின்னறதத்தான் பெட் காட்டுது, கீமோவுல அது தற்காலிகமா சக்கரைய உறிஞ்சறத கொறச்சுக்குது, அதனால உயிரோட இருந்தாலும் பெட்ல மின்னாது, சின்ன கட்டின்னா இன்னும் மோசம். லிவருக்கு வெளிய எங்கயாவது பரவிருக்கான்னு பாக்க பெட் நல்லதுதான், அதுக்கு எடுங்க, லிவருக்குள்ள எத்தனை கட்டின்னு எண்ண அத நம்பாதீங்க.

சரி, இப்ப சென்டருக்கு வர்றேன். ஊர்ல இருக்கற சில இடங்களுக்கு போன் பண்ணி கேட்டேன், "லிவர் எம்ஆர்ஐயா, வயிறு எம்ஆர்ஐ இவ்ளோ, கான்ட்ராஸ்ட் சேத்து இவ்ளோ"ன்னு ரேட்ட மட்டும் சொன்னாங்க. எந்த கான்ட்ராஸ்ட்னு கேட்டா தெரியல. இந்த சென்டர்ல போன் எடுத்த பொண்ணு உடனே டெக்னீசியன் கிட்ட குடுத்துச்சு, அவரு "ப்ரிமோவிஸ்ட்டா சார், எதுக்காக எடுக்கறாங்க, கீமோ கடைசியா எப்ப போட்டீங்க, பழைய சிடி இருக்கா, பிலிரூபின் எவ்ளோ, கிரியாட்டினின் எவ்ளோ"ன்னு வரிசையா கேட்டாரு. இந்த கேள்விகளுக்கே நான் ஒரு ஸ்டார் குடுப்பேன். எல்லாத்துக்கும் காரணம் இருக்கு. காடோக்ஸெட்டிக் ஆசிட்னு சொல்ற இந்த மருந்து, கம்பெனி பேரு ப்ரிமோவிஸ்ட், சாதாரண கான்ட்ராஸ்ட் மாதிரி ரத்தத்துல மட்டும் சுத்திட்டு கிட்னி வழியா போறதில்ல, ஏறக்குறைய பாதி லிவர் செல்லுக்குள்ளயே போய் பித்தத்துல கலந்து வெளிய வருது. ஊசி போட்டு 20 நிமிஷம் கழிச்சு படம் எடுத்தா நல்ல லிவர் முழுக்க பளிச்சுனு வெளுத்திருக்கும், கேன்சர் கட்டில லிவர் செல் கிடையாது, அதனால அது மட்டும் கருப்பு ஓட்ட மாதிரி தனியா தெரியும். பிலிரூபின் (மஞ்சள்காமாலை அளவு) ரொம்ப ஏறிருந்தா லிவர் மருந்த சரியா உறிஞ்சாது, படம் மங்கிடும், அதான் அவரு அந்த கேள்வி கேட்டாரு. கிரியாட்டினின் கிட்னி எப்டி இருக்குன்னு பாக்க. மருந்த முன்கூட்டியே சொல்லி வரவழைக்கணும்னாங்க, அதனால போன் பண்ணாம நேரா போய் நிக்காதீங்க.

ரேட்டு விஷயம். ஸ்கேனுக்கு ஒரு ரேட், மருந்துக்கு தனி ரேட், சாதாரண எம்ஆர்ஐ கான்ட்ராஸ்ட்ட விட இது நல்லாவே அதிகம். மருந்தோட அளவு உடம்பு எடைய வச்சு, கிலோவுக்கு 0.1 மில்லின்னு கணக்கு, அப்பா எடைய அங்கயே பாத்துட்டு கணக்க எங்களுக்கும் காட்டினாங்க, பில்லுல மருந்து பேரும் பேட்ச் நம்பரும் தெளிவா இருந்துச்சு. எவ்ளோ ஆகுதுன்னு முன்னாடியே சொன்ன தொகைக்கு மேல ஒரு ரூபா கேக்கல. காசு முடியாதவங்க மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில முதல்வர் காப்பீட்டு திட்ட கவுன்டர்ல மொதல்ல கேட்டு பாருங்க, டாக்டர் சீட்டுல கான்ட்ராஸ்ட் பேரோட எழுதி வாங்கிட்டு போங்க.

ஸ்கேன் அன்னிக்கு சாப்பிடாம வரச்சொன்னாங்க. உடம்புல உலோகம் எதும் இருக்கான்னு ஒரு பாரம், அத எங்கள சும்மா நிரப்ப விடாம ஒரு சிஸ்டர் பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணா கேட்டாங்க, பேஸ்மேக்கர், ஸ்டென்ட், நெஞ்சுல கீமோ போர்ட் (கீமோ ஏத்த தோலுக்கடில வைக்கற சின்ன கருவி), கட்டின பல்லு, அப்பாவோட வெள்ளி அரைஞாண் கூட கழட்டணும்னு சொன்னாங்க, பெண்கள்னா மெட்டி, தாலில கோத்த ஊக்கு எல்லாம். கீமோ போர்ட் கார்ட வாங்கி மாடல் பாத்து எம்ஆர்ஐக்கு பரவால்லன்னு உறுதி பண்ணிட்டுத்தான் உள்ள விட்டாங்க, அந்த கார்ட மறக்காம எடுத்துட்டு போங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது இதுக்கப்புறம் நடந்ததுதான். அந்த ரூம் பயங்கர குளிர். ஆக்சாலிபிளாட்டின் போட்டவங்களுக்கு தெரியும், குளிர்ந்தது எதயாச்சும் தொட்டா விரல்ல ஊசி குத்துற மாதிரி இருக்கும், கால் மரத்துப்போயிருக்கும். அப்பா கைய பாத்ததுமே டெக்னீசியன் "ஐயா, கீமோ போட்ட கையா"ன்னு கேட்டுட்டு ரெண்டு போர்வை போத்தி, கைக்கு துணி சுத்தி விட்டாரு, படி ஏறி படுக்கறப்ப பாதம் எங்க இருக்குன்னே அவருக்கு தெரியாதுன்னு தோள புடிச்சு ஏத்தினாரு. யாரும் சொல்லி குடுக்காம இத ஒருத்தர் செய்யறதுன்னா கீமோ நோயாளிங்கள நெறய பாத்திருக்கணும், மனசும் இருக்கணும்.

அப்புறம் மூச்சு. லிவர் எம்ஆர்ஐல பாதி வெற்றி நோயாளியோட மூச்சுலதான் இருக்கு, மூச்சு விடறப்ப லிவர் மேலயும் கீழயும் போயிட்டு வரும், படம் கலங்கிடும். மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடியே வெளிய உக்கார வச்சு "மூச்ச இழுங்க, விடுங்க, அப்டியே நிறுத்துங்க"ன்னு பழக்கி விட்டாங்க, அப்பாவுக்கு காது கொஞ்சம் மந்தம்னு சொன்னதும் வயித்து மேல லேசா தட்டினா நிறுத்தணும்னு ஒரு சைகை வச்சுக்கிட்டாங்க. இந்த மருந்து போட்ட உடனே சிலருக்கு கொஞ்ச நேரம் மூச்சு வாங்குமாம், சரியா அதே நேரத்துலதான் மொதல் ரத்த ஓட்ட படம் எடுக்கணும், அத முன்னாடியே சொல்லி "பயந்துடாதீங்க ஐயா, சில செகண்ட்ல போயிரும்"னு தைரியம் குடுத்தாங்க. ஊசியையும் வேகமா அடிக்காம மெதுவா போட்டாங்க. நடுவுல அந்த 20 நிமிஷ காத்திருப்ப வீணாக்காம டிஃப்யூஷன்னு ஒரு வகை படம் எடுத்தாங்க, அதுல தண்ணி நகர முடியாம நெருக்கமா இருக்கற கட்டி வெளிச்சமா தெரியும், சின்ன கட்டிய புடிக்கறதுக்கு இதுவும் கடைசி படமும் சேந்தாத்தான் பலம்.

இப்ப ரிப்போர்ட். ஒரு ஸ்கேன் சென்டர ஏசி, சோபா, காபி மெஷின் வச்சு எடைபோடாதீங்க, ரிப்போர்ட்ட வச்சு போடுங்க. இங்க ரேடியாலஜிஸ்ட், அதாவது படத்த பாத்து ரிப்போர்ட் எழுதற டாக்டர் மேடம், கீமோவுக்கு முன்னாடி எடுத்த சிடியோட டிஸ்க்க கேட்டு வாங்கி, அத பக்கத்துல வச்சு பாத்திருக்காங்க. ஏன்னா மறஞ்ச கட்டிய தேடணும்னா அது மொதல்ல எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே தேட முடியும்? ரிப்போர்ட்ல ஒவ்வொரு கட்டியும் லிவரோட எந்த செக்மெண்ட்ல (லிவர 8 பகுதியா பிரிச்சு நம்பர் போட்டிருப்பாங்க), அப்ப எவ்ளோ, இப்ப எவ்ளோ, எந்த ரத்தக்குழாய்க்கு எவ்ளோ பக்கத்துலன்னு போட்டிருந்துச்சு. சிடி தெரியலன்னு சொன்ன ரெண்டுல, செக்மெண்ட் 8ல இருந்தது அதே எடத்துலயே 7 மில்லிமீட்டர்ல உக்காந்திருந்துச்சு, டிஃப்யூஷன்ல வெளிச்சம், 20 நிமிஷ படத்துல கருப்பு. இன்னொண்ணு எம்ஆர்ஐலயும் தெரியல, அதையும் "கேன்சர் போயிருச்சு"ன்னு எழுதாம, "பழைய எடம் இது, ஆபரேஷன் நேரத்துல நேரடி அல்ட்ராசவுண்ட் வச்சு பாக்கவும்"னு எழுதிருந்தாங்க. எத்தன ரிப்போர்ட்ல இந்த நேர்மைய பாக்க முடியும் சொல்லுங்க. லிவர்ல கொழுப்பு எத்தன சதவீதம், மண்ணீரல் கீமோவுக்கு முன்னாடிய விட வளந்திருக்குன்னும் இருந்துச்சு. சர்ஜனுக்கு இது ரொம்ப முக்கியமாம், வெட்டினதுக்கப்புறம் மிச்சம் நிக்கிற லிவர், நல்ல லிவரா இருந்தா 20 சதவீதம் போதும், கீமோ பட்ட லிவர்னா 30 சதவீதமாச்சும் வேணும்னு கணக்கு போடறாங்க.

இன்னொண்ணும் அந்த ரேடியாலஜிஸ்ட் மேடம் சொன்னாங்க, அப்பாவுக்கு கட்டி சுருங்கிட்டதால எங்களுக்கு பொருந்தாட்டியும் உங்களுக்கு உதவும். பெவாசிஸுமாப் போட்டவங்களுக்கு கட்டி சைஸ் பெருசா கொறயாம இருந்தாலும், ஓரம் தெளிவாகி உள்ள ஒரே சீரா மாறிருந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், சைஸ மட்டும் பாத்து இடிஞ்சு போகாதீங்கன்னாங்க. அதே மாதிரி ஆக்சாலிபிளாட்டின் போட்டு சில வருஷம் கழிச்சு லிவர்ல புதுசா முடிச்சு மாதிரி வந்தா எல்லாமே கேன்சர் இல்லயாம், மருந்தால வர்ற, கேன்சர் இல்லாத சாது முடிச்சும் இருக்கு. அதுல லிவர் செல் இருக்கறதால இந்த கான்ட்ராஸ்ட்ட உறிஞ்சி பிடிச்சு வச்சுக்கும், கேன்சர் கட்டி பிடிக்காது. தேவையில்லாத கீமோவுல இருந்தும் இந்த ஸ்கேன் காப்பாத்தும்னு அப்பதான் புரிஞ்சுச்சு. 2024ல ஐரோப்பாவுல பல ஆஸ்பத்திரி சேந்து பண்ண கமினோ ஆய்வுல, சிடிக்கு மேல லிவர் எம்ஆர்ஐயும் எடுத்தப்ப 298 பேர்ல 92 பேருக்கு சிகிச்சை பிளான் மாறிருக்கு. எங்க அப்பாவயும் அந்த கணக்குல சேத்துக்கலாம்.

கொறன்னு பாத்தா மூணு, மூணுமே சொல்லித்தான் ஆகணும்.

ரிசப்ஷன்ல பேரக் கூப்பிடுறப்ப "லிவர் மெட்ஸ் பேஷன்ட் யாரு"ன்னு ஹால் முழுக்க கேக்கற மாதிரி சத்தமா கூப்பிட்டாங்க, மெட்ஸ்னா மெட்டாஸ்டேஸிஸ், லிவருக்கு பரவினதுன்னு அர்த்தம். அப்பாவுக்கு கேன்சர்னு தெரியும், பரவினது எவ்ளோங்கறத நாங்க பக்குவமாத்தான் சொல்லிட்டு வந்தோம், அவரு எங்கிட்ட திரும்பி "மெட்ஸ்னா என்னப்பா"ன்னு கேட்டாரு. அந்த ஹால்ல, அவ்ளோ பேர் முன்னாடி அதுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிடுச்சு. டோக்கன் நம்பர் இருக்குல்ல, அத கூப்பிடுங்க. நோயோட பேர சொல்லி மனுஷன கூப்பிடாதீங்க, இத மேனேஜர்கிட்ட நேர்லயும் சொல்லிட்டேன்.

ரெண்டாவது, குடுத்த டிஸ்க்ல அந்த 20 நிமிஷ படமே இல்ல. இந்த ஸ்கேன் எடுத்ததே அந்த படத்துக்காகத்தான், அது இல்லாம சர்ஜன் கம்ப்யூட்டர்ல போட்டு தேடிட்டு இருந்தாரு, திரும்ப போய் வாங்கிட்டு வந்தோம். கேட்டதும் மறுபேச்சு இல்லாம காசு வாங்காம போட்டு குடுத்தாங்க, ஆனா வெளியூர்ல இருந்து வர்றவங்க என்ன பண்ணுவாங்க? பிலிம பாத்து ஏமாறாதீங்க, டிஸ்க்க அங்கயே போட்டு காட்ட சொல்லுங்க, டிஃப்யூஷன் இருக்கா, கடைசி லிவர் படம் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. மூணாவது, மறுநாள்னு சொன்ன ரிப்போர்ட் அதுக்கும் அடுத்த நாள்தான் வந்துச்சு. பழைய சிடியோட ஒப்பிட்டு பாத்ததால லேட்டுன்னாங்க, அதுக்கு நான் சந்தோஷமா காத்திருப்பேன், மொதல்லயே அப்டி சொல்லிருக்கலாம்.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. எம்ஆர்ஐ எடுத்து ரொம்ப நாள் ஆகாம பண்ணணும்னு சர்ஜன் தேதிய நெருக்கியே வச்சாரு, தள்ளி வைக்க வைக்க புதுசா எதும் வந்தா ஸ்கேன் காட்டின கணக்கு தப்பாயிரும்னாரு. உள்ள அல்ட்ராசவுண்ட் வச்சு பாத்தப்ப செக்மெண்ட் 8 கட்டி ரிப்போர்ட்ல சொன்ன எடத்துலயே இருந்துச்சு, எடுத்தாச்சு, பயாப்ஸில அதுல உயிரோட கேன்சர் செல் இருந்துச்சுன்னு வந்துச்சு. எம்ஆர்ஐலயும் தெரியாத அந்த நாலாவது எடத்தையும் வலது பக்கம் வெட்டின பகுதியோட சேத்தே எடுத்துட்டாங்க, அதுல தழும்பு மட்டும்தான் இருந்துச்சு. அடுத்த செக்கப்புக்கும் இங்கதான் எடுக்கப்போறோம், அதே மிஷின், அதே ரேடியாலஜிஸ்ட், பழைய படத்தோட ஒப்பிட வசதியா இருக்கும்.

கீமோ இன்னும் ஆரம்பிக்காதவங்க யாராச்சும் இத படிச்சா ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லிவர் எம்ஆர்ஐ ஒண்ணு எடுத்து வைக்கலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, லிவர் சர்ஜன் ஒருத்தர ஆரம்பத்துலயே பாத்துடுங்க. ரொம்ப சின்ன கட்டின்னா கீமோவுல மறைஞ்சு போறதுக்கு முன்னாடியே பக்கத்துல ஒரு சின்ன உலோக அடையாளம் வச்சுடற முறையும் இருக்கு. கட்டி முழுசா மறையற வரைக்கும் கீமோ போட்டுட்டே இருக்கலாம்னு வீட்ல யாராச்சும் சொன்னா இந்த ரிவ்யூவ காட்டுங்க.

டெக்னீசியனுக்கும் ரிப்போர்ட்டுக்கும் முழு மார்க். கொறைச்ச ஒரு ஸ்டார் ரிசப்ஷனுக்கு. அடுத்த தடவ போறப்ப டோக்கன் நம்பர சொல்லி கூப்பிட்டாங்கன்னா இங்க வந்து 5 ஆக்கிடறேன்.